முந்திப் போன ஓட்டக்குதிரை

கடலுக்கு அந்தாண்ட, ஆள் உசரத்துக்குப் புல்லு நிக்கிற ஒரு பெரிய சமவெளி இருந்துச்சாம், அங்க ஆத்தோரமா பாவ்னின்னு ஒரு சனம் இருந்துச்சாம். மண்ணைக் குவிச்சு மேடாட்டம் வீடு கட்டி, ஒரு வீட்டுக்குள்ள முப்பது நாப்பது பேரு இருப்பாங்களாம். பொம்பளைங்க மக்காச்சோளம் போடுவாங்க, அது முழங்கால் உசரம் வந்ததும் ஊரே தோல்கூடாரத்தைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிக் காட்டெருமை வேட்டைக்குப் போயிரும், அப்புறம் திரும்பி வந்து கதிர் ஒடிப்பாங்க. எருமைன்னதும் நம்ம குட்டையில கெடக்குறதை நினைச்சுக்காதே. அது திமிலும் தாடியுமா மந்தைக்கு ஆயிரம் நிக்கும்.

அந்தச் சனத்துல வெண்கதிர்னு ஒருத்தி. புருசன் சண்டையில செத்துட்டான். தும்பின்னு ஒரே மக, அஞ்சு வயசு. வெண்கதிரோட தம்பி ஓட்டக்குதிரைதான் அவங்களுக்கு வேட்டையாடிப் போடணும். அவனுக்கோ எதுலயும் தான்தான் முதல்ல. கஞ்சி ஊத்துனா முதல் கலயம் அவனுக்கு, பாட்டுன்னா முதல் குரல் அவனுது. ஆமா, உன்னை மாதிரிதான்.

அந்த வருசம் வெட்டுக்கிளி வந்து சோளத்தை மொட்டையடிச்சிருச்சு. இனி எருமை கெடைச்சாத்தான் உசுரு. அப்புறம் என்ன, நடந்தாங்க, நடந்தாங்க, நடந்துக்கிட்டே இருந்தாங்க. தும்பிக்கு வயிறு முதுகோட ஒட்டிப்போச்சு, அழக்கூடத் தெம்பில்ல. பன்னண்டாம் நாள் காலையில, மேட்டுக்கு அந்தப்பக்கம் மந்தை நிக்குதுன்னு வேவுக்காரன் வந்து சொன்னான்.

மந்தையைக் கண்டா அந்தச் சனம் கத்தாது, ஓடாது, நாய் வாயைக்கூடக் கட்டிரும். எல்லாரும் சேர்ந்து வளைச்சாத்தான் எல்லாருக்கும் கறி. ஒருத்தன் முந்துனாலும் மந்தை மிரண்டு ஓடிரும், சனம் பட்டினிதான். அதனால காவக்காரங்க தடியோட நிப்பாங்க. தலைக்காவக்காரன் நரைக்கரடி கூடாரம் கூடாரமாப் போய்ச் சொன்னான்: "காத்து மாறட்டும், இல்லேன்னா மந்தை நம்ம வாடை புடிச்சிரும். நான் கை காட்டுற வரைக்கும் ஒரு பய நகரக் கூடாது."

உச்சிப்பொழுதுக்கு ஓட்டக்குதிரை தோல்மூட்டையோட அக்கா கூடாரத்துக்குள்ள நுழைஞ்சான். பிரிச்சா, பச்சைக் கறி! அவன் உதட்டுல அப்பவே கொழுப்பு மினுங்குச்சு.

"ஏதுடா இது? இன்னும் கை காட்டலையே?"

"நரைக்கரடிதான்க்கா போகச் சொன்னான். சீக்காளிப் பிள்ளைக்கு ஒண்ணு அடிச்சுக்கன்னான். கதவுத்தோலை இறக்கிட்டுச் சாப்பிடு."

அப்படி எவனையும் தனியா விட்டதா அவ கேள்விப்பட்டதே இல்ல. ஆனா பெத்தவ இல்லையா, நம்பிட்டா. எருமை நாக்கை மட்டும் அறுத்துக் கையில எடுத்தா. வேட்டையில முதல் கறி வானத்துக்கு, அதைப் பூசாரி கையில குடுக்காம அவங்க ஒரு துணுக்குகூட வாயில வைக்க மாட்டாங்க.

"இன்னைக்கு வேண்டாம்க்கா," ன்னான். "சும்மா தின்னுக்கா," ன்னான். "யாருக்குத் தெரியப்போகுது?" ன்னான்.

"குடுக்காம எப்படிடா தின்கிறது? தும்பி, ஒரு நிமிசம் பொறுத்துக்க கண்ணு, அம்மா குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

பட்டப்பகல்ல, ஊரு நடுவுல, இரத்தம் சொட்ட நாக்கை ஏந்திக்கிட்டுப் போனா பாவி. அம்மா பின்னாலயே தும்பியும் தத்தித் தத்திப் போச்சு. பூசாரி எந்திரிச்சு, "வேட்டை முடிஞ்சிருச்சா தாயி?" ன்னு கேக்குறாரு, அந்த நேரம் பார்த்து, மந்தையைத் திரும்பப் பார்க்கப் போன வேவுக்காரன் அலறிக்கிட்டு ஓடியாரான்: "மந்தை ஓடிருச்சு! எவனோ அம்பு விட்டுட்டான்!"

அத்தனை கண்ணும் வெண்கதிர் கையைப் பார்த்துச்சு. தம்பி சொன்னது பொய்னு அவளுக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

"யாரு குடுத்தது?" ன்னு நரைக்கரடி கேட்டான். அவ வாயைத் திறக்கல. கூட்டத்துல நின்ன தம்பியும் திறக்கல. "யாரு குடுத்தது?" ன்னு ரெண்டாந்தரம் கேட்டுத் தடியை ஓங்குனான். ஓட்டக்குதிரை என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கென்ன தெரியும், அவ எங்க எடுத்தாளோ!" மூணாந்தரம் கேக்கும்போது தும்பி, "மாமாதான் கொண்டாந்தாரு," ன்னுச்சு. அதுக்குச் சந்தோசம், மாமா கறி கொண்டாந்துட்டாருன்னு.

அப்புறம் காவக்காரங்க அவனை அடிச்ச அடியில காலு ஒடிஞ்சுச்சு. வில்லை முறிச்சாங்க, கூடாரத்தைக் கிழிச்சாங்க. கறி அத்தனையும் பூசாரி நெருப்புக்குப் போச்சு, களவுக்கறியை யாரும் தொட மாட்டாங்க. தும்பிக்கு ஒரு துண்டுகூடக் கெடைக்கல.

சனம் மறுபடியும் மந்தையைத் தேடி நடந்துச்சு. முதல் நாள் கிழடுங்க விழுந்தாங்க. ரெண்டாம் நாள் கைக்குழந்தைங்க போச்சு. மூணாம் நாள் தும்பி அம்மா தோள்லயே தலையைச் சாய்ச்சிருச்சு. நாலாம் நாள் மந்தை கெடைச்சுச்சு. என்னத்தைச் சொல்ல, ஒரே ஒரு நாள்தான்டா!

தும்பி செத்த அன்னைக்கு, வெண்கதிர் எருமை எலும்புல செஞ்ச மண்வெட்டியால குழி தோண்டிக்கிட்டு இருந்தா. எல்லாருக்கும் பின்னால காலை இழுத்துக்கிட்டு வந்த ஓட்டக்குதிரை, "அக்கா, நானும் ஒரு கை மண்ணு போடட்டுமா?" ன்னான்.

அவ நிமிரல. "எல்லாத்துக்கும் முந்துவியே, பிள்ளைக்கு மண்ணு போட மட்டும் ஏன்டா பிந்தி வந்த? தள்ளிப் போ," ன்னா.

அப்புறம் அவன் சாகுற வரைக்கும் சனத்துக்குப் பின்னாலயேதான் நடந்தானாம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலையாம். பசின்னா எல்லாருக்கும் பசிதான், தான் மட்டும் முந்துனவன் அடுத்தவன் பிள்ளையைக் கொன்னவன். கதை அம்புட்டுதான், அழுதது போதும், கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் படு.