ரூட்டருக்கு ஒரு தீர்மானம்

ஐந்து முட்டாள்கள் இருந்தார்கள் என்று தொடங்கலாம். ஐவரில் ஒருவன் நான் என்பதால், செயற்குழு என்கிறேன்.

எங்கள் செங்குளம் இலக்கியப் பேரவையின் பொருளாளர் கோமதிநாயகம் பதினோரு ஆண்டுகள் உழைத்து, சங்கப் பாடல்களில் வரும் நண்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உள்ளூரில் கேட்க ஆளில்லை. கடைசியில் பினாங்கிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இணையத்தில் உரை.

அன்று காலை பேரவை மாடியில் புது இணையப் பெட்டி மாட்டினார்கள். கீழே இருந்த பழைய ரூட்டர் இனிமேல் தன் மூளையை உபயோகிக்காமல், மேலிருந்து வருவதை வாங்கிக் கடத்தினால் போதும். அதற்குப் பெயர் பிரிட்ஜ் மோடு. அந்த மோடுக்கு மாற்றும்வரை இணையம் இல்லை. தலைவர் தெய்வநாயகத்தின் மருமகன் வழிமுறையை ஒரு தாளில் எழுதித் தந்து, இதில் இருப்பதைக் கணினியின் கறுப்புத் திரையில் அப்படியே தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார்.

அப்படியே தட்டினோம். “அன்புள்ள மாமாவுக்கு, அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது?” என்பதிலிருந்து. கட்டளை புரியவில்லை என்றது ரூட்டர். இரண்டாம் பத்தியில்தான் அதற்குப் புரிந்தது.

உடனே ஒரு கேள்வி கேட்டது. மோடை மாற்றலாமா? சம்மதமானால் முப்பது விநாடிக்குள் ஒய் எழுத்தைத் தட்டவும். இல்லாவிட்டால் மாற்றம் ரத்து.

முன்மொழிவும் வழிமொழிவும் வாக்கெடுப்பும் இல்லாமல் எங்கள் பேரவையில் மின்விசிறிகூடச் சுற்றியதில்லை. செயலாளன் என்ற முறையில் நான் கேள்வியை மொழிபெயர்த்தேன். ‘பிரிட்ஜ்’ என்பதற்குப் பாலமா வாராவதியா என்று யோசித்ததில் முப்பது விநாடி போயிற்று.

மறுமுறை செயற்குழு உறுப்பினர் ஆவுடையப்பன் முன்மொழிந்தார். இன்னொரு உறுப்பினர் பிச்சுமணி வழிமொழிய எழுந்து, அவையடக்கம் சொல்லி முடிப்பதற்குள் ரத்து.

மூன்றாம் முறை முன்கூட்டியே வாக்கெடுத்துத் தயாராக இருந்தோம். கேள்வி வந்ததும், கேட்கப்படாத கேள்விக்கு அளித்த பதில் செல்லாது என்றார் பிச்சுமணி. அதில் நியாயம் இருந்தது. ரத்து.

மணி நாலே முக்கால். கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணாச்சி, உங்க காலைப் பிடிக்கேன். அந்த ஒத்த எழுத்தைத் தட்டுங்க.”

“உம்ம உரைக்காகத்தானவே மாத்துறோம்? அப்போ நீரு இதுல வாயைத் திறக்கப்படாது” என்றார் தலைவர்.

நாலாம் முறை கேள்வி வந்தது. ஆட்சேபிப்பதற்காகக் கையூன்றி எழுந்த பிச்சுமணியின் கட்டைவிரல் ஒய்யின் மேல் பட்டது. மோடு மாறிவிட்டது. தன் விரலின் செயலைத் தான் ஆதரிக்கவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

சரியாக ஐந்து மணிக்குத் திரையில் பினாங்கு தெரிந்தது. நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மையார் சிரித்த முகத்துடன், “ஐயா, நான் பேசுவது கேட்கிறதா?” என்றார்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். தலைவர் அவரைக் கையமர்த்தி, கேள்வியை மற்ற நால்வரின் வாக்குக்கு விட்டார்.

கேட்கிறது என்று நானும் தலைவரும் கைதூக்கினோம். காதுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஆவுடையப்பன் கேட்கவில்லை என்றார். பிச்சுமணி வழக்கப்படி எதிர்த்தார். இரண்டுக்கு இரண்டு. வாக்குகள் சமமானால் பழைய நிலையே தொடரும் என்பது விதி. ஐந்து மணிக்கு முன்பு அந்த அம்மையார் பேசியது எங்கள் யாருக்கும் கேட்டதில்லை.

முடிவை நான்தான் ஒலிவாங்கியில் அறிவித்தேன். “அம்மா, நீங்க பேசுறது எங்களுக்குக் கேக்கலைன்னு தீர்மானம் ஆயிருக்கு.”

“அப்படியா ஐயா? சரி, அடுத்தவரைப் பேசச் சொல்லிவிடுகிறோம்” என்றார் அவர்.

தன் காதையே நம்பாமல், அவர் என்ன சொன்னார் என்று கோமதிநாயகம் பதறிப்போய்க் கேட்டார். எங்களால் எப்படிச் சொல்ல முடியும்?