எல்லைக்கல்லோடு பினாங்கு போனவர்கள்

சாய்ந்தான்குளத்துக்காரர்களைப் பற்றி நான் எது சொன்னாலும், பக்கத்து ஊர்க்காரன் பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். பொறாமை உண்டுதான். எங்கள் கீழப்பாறையில் எல்லோரும் யோசித்து யோசித்தே ஒரு காரியமும் நடப்பதில்லை. அங்கே அந்தத் தொந்தரவு கிடையாது. காரியம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

அந்த ஊரில் முப்பிடாதி அம்மனுக்குச் சித்திரையில் கொடைத் திருவிழா. வருஷத்துக்கு ஒரு குடும்பம், ஊருக்காகக் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்ளும். ஒரு செவ்வாய்க்கிழமை கட்டினால், அடுத்த செவ்வாய் அம்மன் சப்பரத்தில் ஏறி ஊர் எல்லையைச் சுற்றி வந்த பிறகுதான் அவிழ்க்கலாம். அதுவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எந்தக் குடும்பம் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். போன வருஷம் சீட்டு விழுந்தது உமையொருபாகம் வீட்டுக்கு.

உமையொருபாகம் மாவு மில் வைத்திருப்பவர். அவர் மனைவி செண்பகவடிவு. தம்பி குற்றாலிங்கம், இன்னும் கல்யாணம் ஆகாதவன், மில்லில் அண்ணனுக்குக் கூடமாட இருப்பவன். இவர்களுக்கு ஒரே தங்கச்சி ஆவுடைத்தங்கம், பினாங்கில் கட்டிக் கொடுத்து ஏழு வருஷம். அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் ஆவுடைத்தங்கம் போனில் அழுதுவிட்டாள்.

"ஏழு வருஷமா எம் பொறந்த வீட்டுலருந்து ஒரு ஆளு எட்டிப் பாக்கல. பெரியண்ணே, நீ வரலன்னா எம் மவளுக்கு நான் காதே குத்தமாட்டேன். மொட்டைக் காதோடயே கட்டிக் கொடுக்கேன்!"

அம்மனா, தங்கச்சியா என்று உமையொருபாகம் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். முட்டாளாக இருந்தாலும் பாசம் பாசம்தான். மூன்றாம் நாள் எழுந்து பூசாரியிடம் போனார்.

"பூசாரி ஐயா, நெசமா என்ன விதி? சொல்லு மாறாம சொல்லும்."

"காப்பு கட்டுனவன் எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு அடி வைக்கப்படாது. அம்புட்டுத்தான்."

"அப்ப நான் கல்லைத் தாண்டப்படாது."

"ஆமா."

"கல்லு என்னைத் தாண்டிப் போலாமா?"

பூசாரி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். "கல்லுக்கு நாம காப்பு கட்டலயே," என்றார்.

அன்று சாயங்காலமே ஊரின் நாலு மூலையிலும் கிடந்த எல்லைக் கற்களைப் பிடுங்கினார்கள். தேங்காய் பருமனில் மஞ்சள் பூசின கருங்கல், நாலு. நாலு பெட்டி வாங்கி, பெட்டிக்கு ஒன்றாக வைத்து, மேலே கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று சுண்ணாம்பால் எழுதினார்கள். இனி அவர்கள் போகிற இடமெல்லாம் சாய்ந்தான்குளம்.

பஸ் நிற்கும் இடம் அரை மைல். மூன்று பேரும் நடுவில் நிற்க வேண்டும், நாலு பெட்டியும் நாலு திசையில் இருக்க வேண்டும். நாலடி நடப்பது, பின்னால் இருக்கும் பெட்டியைத் தூக்கி முன்னால் வைப்பது, மறுபடி நாலடி நடப்பது. வளைவு வந்தபோதுதான் சிக்கல்.

"அண்ணே, ரோடு தெக்க திரும்புது. கிழக்குப் பெட்டி இப்ப எந்தப் பக்கம்?"

"ரோடு திரும்பினா கிழக்கு திரும்புமாலே? கிழக்கு கிழக்கத்தான் இருக்கும். பெட்டியை மாத்து."

செவ்வாயன்று காப்பு கட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் கிளம்பியவர்கள் பஸ் ஏறும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. வழியில் என்னைப் பார்த்து, "ஊருக்குள்ளதான் போயிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏர்போர்ட்டில் எடை கூடிவிட்டது. கல்லைத் தவிர மற்றதை எடுத்துவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே எடுத்தார்கள். எடுத்த துணியை எங்கே வைப்பது? உமையொருபாகம் நாலு வேட்டி கட்டிக்கொண்டார். செண்பகவடிவு மூன்று சேலையைச் சுற்றிக்கொண்டு உருண்டையாகிவிட்டாள். குற்றாலிங்கம் ஆறு சட்டை போட்டதில் கை இரண்டும் மடங்காமல் நீட்டியபடியே நின்றான்.

கவுன்டரில் இருந்த பெண் பெட்டிகளை ஓடும் பட்டையில் ஏற்றினாள். பெட்டிகள் நகர்ந்தன.

"ஏங்க, எல்லை போகுது!" என்று அலறினாள் செண்பகவடிவு.

எல்லை போனால் காப்புக்காரன் நிற்கலாமா? உமையொருபாகம் பட்டையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் பின்னால் செண்பகவடிவு. கை மடங்காததால் குற்றாலிங்கம் குப்புறப் படுத்துக்கொண்டான். ரப்பர் திரைக்குள் போக இருந்தவர்களை நாலு காவலர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, உங்க பெட்டி நாலும் பிளேனுக்கு அடியில நாலு மூலையில இருக்கும். நீங்க நடுவுல உக்காந்துக்குங்க. போதுமா?"

போதும். விமானத்தில் மொத்தம் எத்தனை வரிசை என்று எண்ணி, பாதியாக வகுத்து, சரியாக நடு வரிசைக்குப் போனார்கள். அங்கே இருந்த மூன்று பேரிடம் உமையொருபாகம் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க எங்க வேணாலும் உக்காரலாம் சாமி, உங்களுக்குக் காப்பு இல்லை," என்றார். அவர்கள் அந்த நாலு வேட்டியைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனார்கள்.

பினாங்கில் இறங்கினார்கள். மேற்கு வந்தது. வடக்கு வந்தது. தெற்கு வந்தது. கிழக்கு வரவே இல்லை.

பட்டை நின்றுவிட்டது. மூன்று பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஊருக்குக் கிழக்குப் பக்கமே இல்லாமல் போய்விட்டதே! பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது, திங்கட்கிழமைக்குள் வீட்டுக்கே வந்து சேரும் என்றார் அங்கிருந்த அதிகாரி. மறுநாள் காதுகுத்து. ஆவுடைத்தங்கத்தின் வீடு ஏர்போர்ட்டுக்கு நேர் கிழக்கே.

"கிழக்கே ஒரு அடி வைக்கப்படாது. இங்கனயே உக்காந்திருவோம்," என்றான் குற்றாலிங்கம்.

"திங்கக்கிழமை வரையா? அவ கண்ணீர் விட்டா நம்ம குடும்பம் வெளங்குமா கொழுந்தனாரே?"

"நீங்க ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க." உமையொருபாகம் கையிலிருந்த காப்பைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஏலே, ஒருத்தன் எங்க போறான்னு எத வச்சுச் சொல்லுதோம்?"

"மூஞ்சிய வச்சு."

"எம் மூஞ்சி மேக்க பாத்திருந்தா?"

"நீ மேக்க போறன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப மேக்க பாத்துக்கிட்டே போவோம். எங்க போய்ச் சேருதோம்கிறது அம்மன் பாடு."

செண்பகவடிவு புருஷனை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இந்த மனுஷனிடம் இவ்வளவு மூளையா என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்சிக்காரர் தமிழர்தான். ஆனாலும் மூன்று பேரும் சீட்டில் மண்டியிட்டு, பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்ததற்கு அவர் ஒரு காரணமும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "எந்தக் கோயில் வேண்டுதல்?" என்றார். சொன்னார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆவுடைத்தங்கம் அடுக்குமாடி வாசலில் காத்திருந்தாள். ஏழு வருஷம் கழித்து அவள் கண்டது மூன்று முதுகுகள். மூன்றும் அவளை நோக்கித் தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தன. நடு முதுகின் உச்சியில் அரைத் தேங்காய் அளவுக்கு ஒரு வழுக்கை.

"பெரியண்ணே!" என்று ஓடிவந்து அந்த முதுகைக் கட்டிக்கொண்டாள்.

"தங்கச்சி, அழாத. நான் திரும்ப முடியாது. நீ முன்னால வா."

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் சாய்ந்தான்குளத்தில் பிறந்தவள்தானே? கிழக்குக் கல் வரவில்லை என்றதும், "ஐயையோ, அப்பத் திரும்பாத அண்ணே" என்றுதான் சொன்னாள். அவள் புருஷன் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், வங்கியில் வேலை. அவர் உள்ளே போய் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

மறுநாள் காதுகுத்து. மண்டபம் நிறைய ஜனம். ஊசியோடு ஆசாரி வந்து உட்கார்ந்ததும் ஒரு விதி சொன்னார்: பிள்ளை கிழக்கே பார்த்து உட்கார வேண்டும்.

மாமன் கிழக்கே பார்க்கக்கூடாது. பிள்ளை மேற்கே பார்க்கக்கூடாது. உமையொருபாகம் தங்கச்சி முகத்தைப் பார்த்தார். கடல் தாண்டி வந்தும் கடைசியில் மடி கொடுக்க முடியாமல் போய்விடுமோ?

"மாமா மேக்க பாக்கட்டும், புள்ள கிழக்க பாக்கட்டும்," என்றாள் செண்பகவடிவு. "ரெண்டு பேரு பாக்கதுக்கு ரெண்டு திசைதான வேணும்? இருக்குல்லா?"

அப்படியே செய்தார்கள். நாலு வயசுப் பெண், மாமன் மடியில், மாமனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு முகத்தை அவள் கண்டதில்லை. மூக்கோடு மூக்கு இடிக்கிறது. அவர் மீசை மூச்சுக்கு மூச்சு ஆடுகிறது. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது மாமன்தான். பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்து மீசையைப் பிடித்து இழுக்க, ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார். பிள்ளை அழவே இல்லை. மாமன்தான் மீசை வலியில் ஓவென்று அழுதார். பினாங்கில் தாய்மாமன் அழுத காதுகுத்து அதுதான் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்களாம்.

திங்கட்கிழமை கிழக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. கிளம்பும் நேரத்தில் ஆவுடைத்தங்கம் அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"அண்ணே, இது மட்டும் இங்க கிடக்கட்டும். இது இங்க இருந்தா நானும் ஊருக்குள்ளதான இருக்கேன்? பொறந்த ஊரை விட்டு வந்துட்டேன்னு இனி நான் அழ வேண்டாம்லா?"

உமையொருபாகமே கல்லை வாங்கி, பதினாலாம் மாடியில் அவள் வீட்டு வாசலில், லிஃப்டுக்கு எதிரே வைத்து, மஞ்சள் பூசிக் கும்பிட்டார். கிழக்கு எல்லை பினாங்குக்கு வந்துவிட்டது. எனவே வீடு திரும்பிய வழி முழுவதும் ஊருக்குள்தான். மூன்று பேரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, கைவீசி நடந்து வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மற்ற மூன்று கல்லையும் பழைய இடத்தில் வைத்தார்கள். மேளம் முழங்க, பதினாறு பேர் சப்பரத்தைத் தோளில் ஏற்றினார்கள். பூசாரி கேட்டார்:

"எல்லையைச் சுத்தணும். கிழக்குக் கல்லு எங்க?"

உமையொருபாகம் சொன்னார்.

சப்பரத்தைக் கீழே இறக்கிவைத்தார்கள். ஊர் கூடி அன்று முழுவதும் பேசியது. கல்லைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். கட்டிக் கொடுத்த பெண்ணிடம் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதா என்று அவனை அடிக்கப் போனார்கள். கடைசியில் பூசாரி தீர்ப்புச் சொன்னார்: "அம்மன் வருஷா வருஷம் எல்லையைச் சுத்துவா. எல்லை எங்க இருக்கோ அங்க போவா."

சப்பரம் சுற்றி வந்தால்தானே காப்பை அவிழ்க்கலாம்? ஒரு வருஷமாகிறது, அந்த மூன்று பேர் கையிலும் காப்பு அப்படியே இருக்கிறது. புது எல்லைக்குள் எங்கள் கீழப்பாறையும் அடங்கிவிட்டதால், இந்த வருஷச் சீட்டில் என் பெயரையும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். "ஊருக்குள்ள இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா?" என்றார் பூசாரி.

சப்பரம் தூக்கும் பதினாறு பேருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அம்மனுக்குத்தான் வரவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி பாவம், பொறுமைசாலி. படத்தில் கிரீடம் இருக்கக்கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தார். கிரீடத்தைக் கழற்றி வேறு படம் எடுத்தார்கள். பிறகு கைரேகை வேண்டும் என்றார். அம்மனுக்கு எட்டுக் கை. நாற்பது விரலையும் மை தொட்டு வைக்க ஆளையே தூக்கிக்கொண்டு போவதுதான் சரி என்று ஊர் முடிவு செய்தது.

நேற்று நான் டவுனுக்குப் போயிருந்தேன். பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் கூட்டம். வரிசையில் நாற்பத்தாறு பேர். நாற்பத்தேழாவதாக, மேளதாளத்தோடு சப்பரம். அம்மன் கழுத்து மாலையில் டோக்கனைச் செருகியிருந்தார்கள். உமையொருபாகத்தின் போன் அடித்தது. பினாங்கிலிருந்து ஆவுடைத்தங்கம். அவள் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணே, சப்பரம் எங்க வருது? லிஃப்டு முன்னால கோலம் போட்டு, தேங்கா பழத்தோட நானும் மவளும் நிக்கோம்."

"பக்கத்துல வந்தாச்சு தங்கச்சி," என்றார் உமையொருபாகம், வரிசையை எட்டிப் பார்த்துக்கொண்டே. "அம்மனுக்கு முன்னால இன்னும் நாப்பத்தாறு பேருதான். நீ அந்த லிஃப்டை மட்டும் யாரும் மேல கீழ கொண்டுபோயிராமப் புடிச்சு வச்சுக்கோ."