தெற்கே விழுந்த நிழல்

கிரேக்க நாட்டு மலை ஒன்றில் ஒரு மடம். பழைய நூல்களைப் புதுத் தோலில் பிரதி எடுப்பதுதான் அங்குள்ள துறவிகளின் வேலை. மூத்தவர் யூதிமியஸ் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. அவருடைய சீடர் பர்தாஸோ தலை நரைக்கும்வரை கப்பல் ஓட்டிவிட்டுத் துறவுக்கு வந்தவர். கடலைப் பற்றி யார் வாய் திறந்தாலும் குறுக்கே பேசுவார்.

குரு அவரிடம் ஒரு பூகோள நூலைக் கொடுத்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எவரோ ஒருவர் துறைமுகம் துறைமுகமாக விசாரித்து எழுதியது. எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே பாறை கப்பலைக் கிழிக்கும், ஒன்றையும் விடவில்லை. என்ன பொறுமை அந்த மனுஷருக்கு! அவர்கள் அறிய, மிஞ்சியிருந்தது அந்த ஒரு பிரதிதான். அதையும் பூஞ்சை தின்றுகொண்டிருந்தது.

பிரதி எடுத்ததும் பழைய எழுத்தைக் கல்லால் சுரண்டிவிட்டு, அந்தத் தோலில் பிரார்த்தனைப் புத்தகம் எழுதுவார்கள். தோலுக்கு அவ்வளவு பஞ்சம்.

பர்தாஸ் எழுதி முடித்துக் கொண்டுவந்தார். குரு முதல் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. நேராக நடுவில் ஓரிடத்தைத் திறந்தார்.

"இங்கே ஒரு வரியைக் காணோமே, பர்தாஸ்."

"நான்தான் விட்டேன், ஐயா. மிளகு விளைகிற தமிழர் கரையில், கோடைகாலத்து நடுப்பகலில் நிழல் தெற்கே விழுமாம். யாருக்குக் காது குத்துகிறார்?"

"நீ அங்கே போயிருக்கிறாயா?"

"அலெக்சாந்திரியா வரைக்கும் போயிருக்கிறேன். உச்சிவெயிலில் நிழல் வடக்கேதான் விழும். இவ்வளவு நல்ல நூலில் இப்படி ஒரு பொய் எதற்கு? அவருக்குத்தானே கெட்ட பேர்."

குரு பழைய ஏட்டையும் சுரண்டும் கல்லையும் அவர் கையில் கொடுத்தார்.

"அப்படியானால் நீயே அழித்துவிடு."

பர்தாஸ் அந்த வரியின்மேல் கல்லை வைத்தார். அப்போதுதான் ஓரத்தில் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. 'இது பொய்' என்றிருந்தது. அதன்கீழே, 'எனக்கும் அப்படித்தான் படுகிறது.' அதற்கும் கீழே, 'சுத்தப் புளுகு. கடவுள் இவரை மன்னிப்பாராக.'

"யார் ஐயா இவர்கள்?"

"நமக்கு முன்னால் பிரதி எடுத்தவர்கள். அவரவர் காலத்தில் ஒருவர். முந்தினவர் குறிப்பையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள்."

"ஒருவரும் நம்பவில்லையே."

"நம்பவில்லை."

"ஆனாலும் வரியைத் தொடவில்லை."



பர்தாஸ் கல்லை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, விட்ட வரியைப் புதுப் பிரதியில் சேர்த்தார். மை காயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நீங்கள் இதை நம்புகிறீர்களா?"

"துளிகூட இல்லை," என்றார் குரு. "அதனால்தான் முதலில் அந்த வரியைத் தேடினேன்."