பீலிக்குன்றுக்குப் போன விருந்தாளி

ஏரிகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில் நெடுங்கூவல் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரின் தலைவன் விடங்கன். நெற்றி நிறைய நீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடாத சிவபக்தன். அவனுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்.

ஒரு வருடம் மழை இல்லை. மறு வருடமும் இல்லை. மூன்றாம் வருடம் ஏரி பாளம் பாளமாய் வெடித்தது. பனைகள்கூடப் பட்டு நின்றன. பனையே பட்டால் மற்றது எம்மாத்திரம்?

ஊருக்கு மேற்கே பீலிக்குன்று. அதன் இடுப்பில் ஒரு குகை. அந்தக் குகைதான் சமணப் பெண் துறவிகளின் பள்ளி. குரத்திகள் என்று அவர்களை அழைப்பார்கள். குகைக்குள் ஓர் ஊற்று. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. நிறைந்து வழிந்து, மலையின் அந்தப் பக்கத்துப் பாறையில் வீணாக இறங்கிக்கொண்டிருந்தது.

குடம் கொண்டு போனவருக்குக் குரத்திகள் ஒருநாளும் இல்லை என்றதில்லை. ஆனால் குடத்தில் மொண்டு ஓர் ஊர் பிழைக்குமா? பள்ளியின் முற்றத்தின் குறுக்கே வாய்க்கால் போட்டால் தண்ணீர் ஏரிக்கு வரும். அதற்குத் தலைவி சுமதிக் குரத்தி சம்மதிக்க வேண்டும்.

ஊரில் சிலர் வண்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். "போகாதீர்கள், தண்ணீர் கொண்டுவருவது என் பொறுப்பு" என்று சொல்லி அவர்களை நிறுத்தியவன் விடங்கன். சொல்லிவிட்டான். இனி கொண்டுவர வேண்டும்.

முதல் முறை ஒரு மாலையில் ஏறினான். பெரிய இடத்துக்குப் பெரிதாகத்தானே போக வேண்டும்? கொம்பும் சங்கும் முன்னே முழங்கின. பின்னே மலைத்தேன் குடங்கள். அதற்கும் பின்னே நெய்விளக்குகள்.

பள்ளி வாசலைக் காக்கும் நேமிதத்தன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான். "ஐயா, ஐயா, கொஞ்சம்..." என்றான். கொம்பு ஒலியில் அவன் குரல் எடுபடவில்லை. விடங்கன் உள்ளே போய், அருகன் சிலைக்கு முன்னால் தன் கையாலேயே விளக்குகளை ஏற்றினான். குகை பொன்னாய் ஒளிர்ந்தது. அவனுக்கே கண் கலங்கியது.

விட்டில்கள் வந்தன. ஒன்று சுடரில் விழுந்தது. பிறகு பத்து விழுந்தன. குரத்திகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள். கடைசியில் விடங்கனும் சிலையும் மட்டும் மிஞ்சினார்கள்.

"அந்தி சாய்ந்தால் இங்கே விளக்கேற்றுவதில்லை ஐயா, பூச்சி சாகும்" என்றான் நேமிதத்தன். "தேனையும் தொடமாட்டார்கள். தேனீக்களை வதைத்து எடுப்பதல்லவா?"

விடங்கன் கொதித்துக்கொண்டு வீடு வந்தான். "நெய்யும் தேனும் கொண்டுபோனவனைத் திருடனைப் போல விட்டுப் போகிறார்களே!" என்றான்.

அவன் மனைவி காரிநங்கை கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். அகப்பையை எடுக்காமலே கேட்டாள்: "நம் சிவன் கோயிலுக்குள் ஒருவன் கருவாட்டுக் கூடையோடு வந்து, 'எங்கள் ஊரில் இதுதான் உயர்த்தி, இந்தாருங்கள்' என்றால், மாலை போட்டு வரவேற்பீரோ?"

விடங்கன் திரும்பி வந்த தேன் குடங்களை எடுத்து உள்ளே ஒதுக்கி வைத்தான்.

இரண்டாம் முறை எச்சரிக்கையாகப் போனான். தேன் இல்லை, விளக்கு இல்லை, கொம்பு இல்லை. அதோடு நின்றானா? நீற்றைத் துடைத்தான். உருத்திராக்கத்தைக் கழற்றி வைத்தான். கையில் ஒரு மயிற்பீலிக் கட்டு. குரத்திகள் நடக்கும்போது எறும்பு மிதிபடாமல் பீலியால் தரையை வருடுவார்களே, அதைப் போலவே இவனும் வருடிக்கொண்டு ஏறினான். குரத்திகள் மெல்ல வருடுவார்கள். இவன் களம் கூட்டுவது போலக் கூட்டினான். வழியில் இருந்த எறும்புப் புற்றொன்று இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

உள்ளே போய்ச் சிலையின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "இன்று முதல் நானும் அருகன் அடியவன்" என்றான் உரக்க.

சுமதிக் குரத்தி அவனைவிட வயதில் இளையவர். அவன் எழும்வரை காத்திருந்து, "நெற்றியில் இருந்தது எங்கே?" என்று கேட்டார்.

"கழுவிவிட்டேன் தாயே, உங்களுக்காக."

"எங்களுக்காக இன்று உம் கடவுளைக் கழுவினீர். நாளை யாருக்காகவோ எங்களையும் கழுவுவீர்." குரலில் கோபம் இல்லை. "தண்ணீர் எங்களுடையதன்று, மலையுடையது. ஆனால் வாய்க்கால் வந்தால் உம் ஊர் நாள்தோறும் இந்த முற்றத்தில் நடக்கும். எப்படி நடக்கும் என்று தெரியாமல் நான் எப்படிச் சரி என்பேன்?"

இறங்கும் வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான் விடங்கன். எது பெரிய பிழை? முதல் முறை மெய்யாக இருந்தேன், கண் இல்லை. இரண்டாம் முறை கண் இருந்தது, மெய் இல்லை. இரண்டு முறையும் நான் பார்த்தது அந்த இடத்தையா, அங்கே இருந்த தண்ணீரையா? யோசிக்க யோசிக்க அவனுக்குத் தன்மேலேயே ஐயம் வந்தது. விடை கிடைக்கவில்லை. வெயில்தான் ஏறியது.

ஊரில் அவன் மைத்துனன் கொற்றன் ஆட்களைத் திரட்டியிருந்தான். கையில் கடப்பாரைகள். "கெஞ்சியது போதும் அத்தான். நாலு பெண்கள் மறிப்பார்கள் என்றா பயம்? வெட்டிக்கொண்டு வருவோம்."

"நாளைக் காலை ஒருமுறை போய் வருகிறேன். பொறு."

"பொறுத்துப் பொறுத்துத்தான் ஏரியில் புழுதி பறக்கிறது!"

மூன்றாம் முறை விடியலில் கிளம்பினான். வெறும் கை. நெற்றியில் வழக்கமான நீறு. வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"நேமிதத்தா, உள்ளே வருவதானால் எப்படி வர வேண்டும்?"

நேமிதத்தன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இதை முதல் நாளே கேட்டிருந்தால் என் தொண்டை பிழைத்திருக்கும்" என்றான். பிறகு சொன்னான்: "தோல் செருப்பை இங்கேயே விடும். உட்காரும் முன் தரையைப் பாரும். அவர்கள் ஓதும்போது பேசாதீர்."

"உங்கள் சிலையை நான் வணங்கப் போவதில்லை. வணங்குவது போல நடிக்கவும் மாட்டேன். அப்படி ஒருவன் உள்ளே நிற்கலாமா?"

"தாராளமாக நிற்கலாம். இடறாமல் நின்றால் போதும்."

விடங்கன் உள்ளே போய் ஓர் ஓரமாகக் கைகட்டி நின்றான். குரத்திகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பொருள் விளங்கவில்லை. ஆனால் அம்மா சாமிக்கு முன்னால் முணுமுணுப்பாளே, அந்த இழுவை அதில் இருந்தது. ஊற்று அவனுக்கு எதிரிலேயே இருந்தது. வெகுநேரம் அதைப் பார்க்க மறந்து நின்றான்.

அப்போது வெளியே ஆரவாரம். கொற்றன் பொறுக்கவில்லை. ஆட்களோடு மேலே வந்துவிட்டான்.

விடங்கன் ஓசைப்படாமல் வெளியே வந்து வாசலை மறித்து நின்றான்.

"விலகும் அத்தான்! நீர் எங்கள் ஆளா, அவர்கள் ஆளா?"

"உங்கள் ஆள்தான். இந்த வாசலில் நான் விருந்தாளி. நீயும் விருந்தாளி. கடப்பாரையைக் கீழே வை, செருப்பைக் கழற்று."

"ஊர் சாகக் கிடக்கிறது, விருந்தாம் விருந்து!"

"நம் கோயில் வாசலில் ஒருவன் கடப்பாரையோடு நின்றால் நீ என்ன செய்வாய்?"

"கையை முறிப்பேன்."

"அப்படியானால் உன் கை முழுதாக இருக்கும்போதே அதை வை."

பின்னால் ஒருவன் சிரித்துவிட்டான். சிரிப்பு வந்த இடத்தில் கோபம் நிற்குமா? ஒரு கடப்பாரை தரைக்கு வந்தது. பிறகு இன்னொன்று. கடைசியாகக் கொற்றனுடையது. அதையும் அவன் எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தான்.

ஓதல் முடிந்து சுமதிக் குரத்தி வாசலுக்கு வந்திருந்தார். நடந்ததையெல்லாம் பார்த்திருந்தார்.

"வாய்க்காலை எங்கே வெட்டுவதாக எண்ணம்?" என்று கேட்டார்.

விடங்கன் முற்றத்தைப் பார்த்தான். ஊற்றுக் கசிவில் ஈரமான மண். அதற்குள் எத்தனை புழு, எத்தனை பூச்சி! "வெட்ட வேண்டாம் தாயே" என்றான். "ஊரில் பட்டுப்போன பனைகள் நிற்கின்றன. அவற்றைப் பிளந்து குடைந்து, கல்மேல் தூக்கி வைத்து, தூம்பாகக் கொண்டுபோகிறோம். மண்ணில் கடப்பாரை படாது."

குரத்தி முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "கல்லை எங்கெங்கே வைக்கலாம் என்று நேமிதத்தன் காட்டுவான்" என்றார்.

பனந்தூம்பு வழியே தண்ணீர் ஏரிக்கு வந்தது. அவிழ்த்த மாடுகள் அவிழ்த்தபடி நின்றன. யாரும் வண்டி கட்டவில்லை.

அடுத்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி நிரம்பி வழிந்தது. குன்றின் தண்ணீர் இனி ஊருக்குத் தேவையில்லை. மழை விட்ட ஒரு காலையில் விடங்கன் மறுபடி பீலிக்குன்று ஏறினான். வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"இன்று என்ன வேண்டும் ஐயா?" என்றான் நேமிதத்தன்.

"ஒன்றும் வேண்டாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன்."

போய் ஓரமாகக் கைகட்டி நின்றான். தண்ணீரை மட்டும்தான் பார்த்தேனோ என்று தன்மேல் அவனுக்கு இருந்த ஐயம் அன்றுதான் தீர்ந்தது.

பெரியோரே, பிள்ளைகளே, இதுதான் நீதி: பிறர் வழிபடும் இடத்துக்குப் போனால் நம் வழக்கத்தை அங்கே திணிக்காமலும், நம் நெஞ்சைப் பொய்யாக்காமலும், அவர்கள் முறையைக் கேட்டறிந்து அடக்கமாக நிற்பதே உண்மையான மரியாதை.