ஒன்பது வாசல் வேப்பிலை

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு தில்லைநாயகி, கல்லூரியில் கணிதப் பேராசிரியை. ஊரில் ஒரு நோய் எப்படிப் பரவும், எப்போது அடங்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பவர். சீடர் பிச்சாண்டி சுகாதார ஆய்வாளர். அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தார். மெதுவாக நடந்து வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஓடித்தான் வந்தார்.

“மேடம், அதிசயம்! பன்னிரண்டு நாள் முன்னாடி ரெண்டு ஊருக்கும் ஒண்ணா தட்டம்மை ஊசி போட்டோம். ரெண்டுலயும் அடங்கும்னு கணக்கு சொல்லுச்சு. மேலத்தாங்கல்ல அடங்கிடுச்சு. கீழத்தாங்கல்ல அம்மை கண்ட பிள்ளைங்க ஒன்பதுலேருந்து முப்பத்தொண்ணு ஆயிட்டாங்க!”

“இதுல என்ன சார் சந்தோஷம்?”

பிச்சாண்டியின் முகம் வாடிவிட்டது.

“பயந்தான் மேடம். வெள்ளிக்கிழமை அங்க கூழ் ஊத்துறாங்க. கைக்குழந்தைங்க உட்பட ஊரே ஒரு இடத்துல கூடும். என் கணக்கு எங்க தப்புதுன்னு அதுக்குள்ள தெரிஞ்சாகணும்.”

அவர் நீட்டிய கணக்குக் காகிதத்தைத் தில்லைநாயகி வாங்கவில்லை.

“ஊசி உடம்புல பிடிக்க எத்தனை நாளாகும்?”

“ரெண்டு வாரம்.”

“அதுவரைக்கும் பிள்ளைங்களை யாரு காப்பாத்துறது?”

பிச்சாண்டி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஊசி போட்ட அன்னிக்குக் கீழத்தாங்கல்ல வேற என்ன செஞ்சீங்க?”

பிச்சாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “அம்மை கண்ட வீட்டு வாசல்ல வேப்பிலை செருகியிருந்தாங்க. ஊசியே வந்தாச்சு, இனி தழை எதுக்குன்னு என் கையாலயே எடுத்துப் போட்டேன். ஒன்பது வீடு. மேலத்தாங்கல்ல நேரமில்லை, விட்டுட்டேன்.”

“போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

கால் மணி நேரத்தில் திரும்பியவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நிலையில் ஒரு கொத்து வேப்பிலை. கால் தானாகச் செருப்பைக் கழற்றியது.

“உள்ள வாங்க சார்.”

“யாருக்கு மேடம்?” குரல் இறங்கிவிட்டது.

“யாருக்கும் இல்லை. கல்லூரி மரத்துல ஒடிச்சது. வெறும் தழைதானே, ஏன் நின்னுட்டீங்க?”

பிச்சாண்டி வேப்பிலையைப் பார்த்தார். தம் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு வராந்தா அதிரக் கத்தினார்.

“மேடம்! மேலத்தாங்கல்ல அந்த வீடுகளுக்குள்ள யாரும் போகலை! கீழத்தாங்கல்ல பக்கத்து வீடு, சொந்தக்காரங்க, பிள்ளைங்க எல்லாம் உள்ள போய்… ஊசியைக் கணக்குல சேர்த்தேன், வேப்பிலையைப் பார்த்து வாசலோட நின்ன ஜனங்களைச் சேர்க்கவே இல்லை!”

இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் இப்படியொரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. அதே வேகத்தில் செருப்பை மாட்டினார்.

“இப்பவே கிளம்புறேன். அம்மை கண்ட எல்லா வீட்லயும் வேப்பிலை கட்டச் சொல்லி மைக்ல அறிவிச்சிடறேன்.”

“மைக்ல சொன்னா, ஊசி பலிக்கலை, அதான் ஆய்வாளரே வேப்பிலைக்குத் திரும்பிட்டாருன்னு ஊர் பேசாதா?”

“அப்போ என்ன செய்யறது மேடம்?”

“எடுத்துப் போட்ட ஒன்பது வாசல்லயும் உங்க கையாலயே செருகுங்க சார். அதைப் பார்த்து மத்த வீட்டுக்காரங்களும் கட்டிடுவாங்க, கட்டின வீட்லேருந்து வெள்ளிக்கிழமை கூழுக்கு யாரும் வர மாட்டாங்க. செருகிட்டு, உள்ள போகாம வெளியவே நின்னு, அடுத்த ஊசி என்னைக்குன்னு சொல்லிட்டு வாங்க.”