மடித்த அப்பமும் மைனாவின் மூக்கும்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் புரட்டு இல்லாமலா? பினாங்குத் துறைமுகத்து மைனாவுக்குத் தமிழ், மலாய், சீனம் மூன்றும் அத்துப்படி.

அங்கே மூன்று பேர் ஒரே அடுப்பில் அப்பம் சுட்டு விற்றார்கள். அடுப்பும் இரும்புச் சட்டியும் நாகூர் செய்தூன் பீவியுடையவை. தேங்காய்ப்பால் ஊற்றிக் கரைத்த மாவு மலாய்க்காரி நொராய்னியுடையது. வறுத்துப் பொடித்த கடலை, சீனர் ஆ கியாட்டுடையது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அதனால் மைனாவை நடுவில் வைத்தார்கள். புத்தி கெட்ட வேலை!

அப்போதெல்லாம் அப்பம் விரிந்தே கிடக்கும். ஆள் முகம் திரும்பினால் போதும், மைனா நடுப்பகுதியைக் கொத்தித் தின்றுவிடும். ஓட்டை அப்பத்தை எவன் வாங்குவான்? வந்தவனெல்லாம் திட்டிவிட்டுப் போனான்.

"யாரு தின்னது?" என்று பீவி கேட்டால், "சீனர்தான், லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொல்லும் மைனா. கியாட்டிடம், "நொராய்னிதான்." நொராய்னியிடம், "பீவிதான்."

ஒருநாள் நொராய்னி மாவுப் பானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். கியாட் கடலைச் சாக்கைக் கட்டினார். இருவரும் போனால் பீவிக்கு மிஞ்சுவது வெறும் சட்டி. அவள் வீட்டு உலை இந்த அடுப்பை நம்பித்தான் கொதித்தது.

"தின்னதும் இல்லாம சாக்கையும் கட்டுறியா?" என்று கியாட்டிடம் பாய்ந்தாள்.

வார்த்தை புரியாவிட்டாலும், அவள் ஓட்டையைக் காட்டியது அவருக்குப் புரிந்தது. கன்னத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, வாயை ஆவென்று திறந்தார். கடைவாய் வீங்கி, கஞ்சிகூட இறங்காத வாய்.

பீவி மைனா பக்கம் திரும்பினாள். அப்போதும் அது சட்டியில்தான் கொத்திக்கொண்டிருந்தது!

"சும்மா ருசி பார்த்தேன், லாத்தா. தரகுன்னு இதுகூட..."

"பாரு, நல்லாப் பாரு!"

தோசைக் கரண்டியைச் செருகி, கொதிக்கிற அப்பத்தின் பாதியைத் தூக்கி மறுபாதிமேல் அறைந்தாள். மூக்கு உள்ளே மாட்டியது. அப்பத்தில் தடவி உருகியிருந்த வெண்ணெய் கண்ணோரம்வரை தெறித்தது. பிய்த்துக்கொண்டு பறந்த மைனாவுக்கு மூக்கும் மஞ்சள், கண்ணோரமும் மஞ்சள். வெந்த நாக்கில் கீச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது.

நொராய்னி பானையை இறக்கினாள். கியாட் சாக்கை அவிழ்த்தார்.

அன்று மடித்ததுதான். அதற்குப் பிறகு அந்த அப்பத்தை எவரும் விரித்து விற்பதில்லை. மைனா இன்றும் கடை ஓரம் நடக்கிறது. கரண்டிச் சத்தம் கேட்டால் எடுக்கிறது பார், ஓட்டம்!