வேங்கடபதியின் ஜீப்பில் துரு இல்லை

தாராபுரம் பெயிண்டிங் பட்டறையில், வண்டிகளின் ஒடுக்குத் தெரியாமல் பட்டி மாவு பூசித் தேய்க்கிறவள் செவந்தி. பட்டறை இடத்துக்குச் சொந்தக்காரர் வேங்கடபதி தம் ஜீப்பைக் கொண்டுவந்து மிரட்டினார்.

"துரு இருக்குன்னு சொன்னா உன் வேலை போச்சு. இல்லேன்னு சொல்லி, அப்புறம் பெயிண்ட் கொப்பளிச்சாலும் போச்சு. சுரண்டாமப் பாத்துச் சொல்லு!"

செவந்தி ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தாள், விழுந்தது. பானெட்டில் வைத்தாள், விழுந்தது. பதினொரு இடத்தில் வைத்தாள். பதினொரு தடவையும் விழுந்தது.

"துரு துளியும் இல்லீங்க."

"அப்படிச் சொல்லு!" என்று மீசையை முறுக்கினார்.

"துரு பிடிக்க இரும்பு வேணுமில்லீங்களா? இது முச்சூடும் பழைய பட்டி மாவுங்க. முதல்ல வண்டிக்குத் தகரம் வாங்கியாங்க, அப்புறம் பெயிண்ட் அடிக்கலாம்."

பட்டறையே சிரித்தது. விறுவிறுவென்று ஜீப்பில் ஏறிய வேங்கடபதி, கதவை மட்டும் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெல்லச் சாத்தினார்.